பட்டை ஏத்துறீங்களா மக்கா?

எங்க வடகாடு, கீரமங்கலம் பக்கம் பலாப்பழ சீசன் வந்தா போதும், பட்டறைகளில் ஒரே கூட்டம். பிக்கப்புக்குப் பின்னாடி பட்டை ஏத்தணுமாம். சித்தப்பா மகனும் போன வாரம் ரெண்டு பட்டை கூடுதலா வச்சு, அச்சுக்கு மேல இரும்புக்கட்டை கொடுத்து, நீள யூ போல்ட் போட்டு முறுக்கிட்டு வந்து நிக்கிறான்.

"இனி எவ்ளோ ஏத்தினாலும் உக்காராதுண்ணே!"

அடேய், வண்டி உட்கார்றது வியாதி இல்லடா. 'போதும், எறக்கு'ன்னு அது கதறுது. பின்பக்கத்தைத் தூக்கிட்டா அச்சு பெருசாயிடுச்சா? சேஸிஸ்? டயரும் பிரேக்கும் அதே பழசுதானே?

இன்னொண்ணு. பல பிக்கப்புகளில் பின்பக்கம் ஒரு வால்வு உண்டு. வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்குன்னு பார்த்துத்தான் பாரத்தைக் கணிக்கும். அதைத் திருத்தி வைக்காமல் உயர்த்தினால், 'காலி வண்டி'ன்னு நினைச்சு பின்சக்கர பிரேக்கைக் குறைச்சிடும். மேலே ரெண்டு டன் பலாப்பழம், எதிரே ஸ்கூல் பஸ். நினைச்சாலே வயித்தைக் கலக்குது.

மாட்டினால் 2019 சட்டத் திருத்தப்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், மேற்கொண்டு ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000. கட்டப்போறது யாரு? இவன்தான்! ரெண்டு நடை சரக்கை ஒரே வாடகையில் ஏத்தச் சொல்ற வியாபாரியா கட்டுவான்? என் கடுப்பெல்லாம் அந்த ஆள் மேலதான். (பட்டறைக்காரர் மேலயும் கொஞ்சம்.)

கழட்டுற கூலி நான் தர்றேன்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை லோடு இருக்காம், அப்புறம் பார்க்கலாம்கிறான்.