ஈரானின் இரயில் பாதையும் இழந்த நடுநிலையும்



2025-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் இரவு நம் இல்லங்கள் பலவற்றில் உறக்கம் இல்லை. கத்தார் நாட்டில் மகனோ, மருமகனோ, உடன்பிறந்தானோ பணிபுரியும் குடும்பங்கள் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்திருந்தன. தோஹா நகருக்குத் தென்மேற்கே பாலைவெளியில் அமைந்துள்ள அல்-உதைத் விமானத் தளத்தின்மீது ஈரான் ஏவுகணைகளைச் செலுத்தியது. அதற்கு முந்தைய நாள் அமெரிக்க விமானங்கள் ஈரானின் அணு நிலையங்கள் மூன்றின்மீது குண்டு வீசியிருந்தன. அதற்கான பதிலடி இது. கத்தாரின் வான்வழி மூடப்பட்டது. குவைத்தும் பஹ்ரைனும் ஐக்கிய அரபு அமீரகமும் தத்தம் வான்வழிகளைச் சிறிது நேரம் அடைத்தன. அல்லாஹ்வின் அருளால் உயிர்ச்சேதம் ஏதும் நிகழவில்லை.

அந்தப் போரில் கத்தார் எந்தப் பக்கத்திலும் சேராத நாடு. இருதரப்பாருக்கும் இடையே தூது செல்லும் நாடும் அதுவே. எனினும் போர் அதன் வாசற்படிக்கு வந்தது. ஏன் வந்தது? 1990-களில் கத்தார் நூறு கோடி டாலருக்கும் மேலான தன் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கட்டிய தளம் அல்-உதைத். அங்கு ஏறத்தாழப் பத்தாயிரம் அமெரிக்கப் படையினர் தங்கியிருந்தனர். சகோதர நாடான கத்தாருக்கு எதிராகத் தாங்கள் இதனைச் செய்யவில்லை என்று ஈரான் அறிவித்தது. அவ்வறிவிப்பு உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் ஏவுகணை விழுந்தது கத்தாரின் மண்ணில் அல்லவா?

ஏவுகணை செலுத்திய ஈரானே ஒரு காலத்தில் இதே இக்கட்டில் அகப்பட்டுத் தவித்த நாடு என்பதை நம்மில் பலர் அறியார். தன் செல்வத்தால் தானே அமைத்த ஒன்று, பிறர் போருக்குத் தேவைப்பட்ட காரணத்தால், ஈரான் தன் நடுநிலையைப் பறிகொடுத்தது. அவ்வரலாற்றைச் சற்று விரிவாகவே காண்போம்.

முதல் உலகப் போர் மூண்டபோது, 1914-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் ஈரான் தன் நடுநிலையை அறிவித்தது. அவ்வறிவிப்பை எவரும் பொருட்படுத்தவில்லை. துருக்கியரும், ருஷ்யரும், ஆங்கிலேயரும் அதன் மண்ணிலேயே ஒருவரோடொருவர் பொருதினர். போரின் இறுதி ஆண்டுகளில் பெரும் பஞ்சம் வந்தது. இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். இந்த அவமானத்தின் நினைவிலேதான் ரிஸா ஷாவின் ஆட்சி எழுந்தது. அந்நியரிடம் கையேந்தாத, வலிமை மிக்க ஓர் அரசை அமைப்பதாக அவர் சூளுரைத்தார். அதன் அடையாளமாக அவர் தேர்ந்தெடுத்தது இரயில் பாதை.

வெளிநாட்டுக் கடன் ஒரு காசும் வேண்டாம் என்று முடிவாயிற்று. அவ்வாறாயின் பணத்திற்கு வழி? 1925-இல் சர்க்கரைக்கும் தேயிலைக்கும் தனி வரி விதிக்கப்பட்டது. ஈரானிய இல்லங்களில் விருந்தினருக்கு முதலில் நீட்டப்படுவது தேநீர்க் குவளை. கட்டிச் சர்க்கரைத் துண்டைப் பல்லிடையில் வைத்துக்கொண்டு தேநீரை உறிஞ்சுவது அவர்தம் வழக்கம். ஆகவே அவ்வரி செல்வரைவிட ஏழையின் அடுப்படியிலேயே அதிகமாக வசூலாயிற்று. 1927-இல் தொடங்கிய வேலை 1938-இல் முடிந்தது. காஸ்பியன் கடற்கரையிலிருந்து பாரசீக வளைகுடா வரை 1394 கிலோமீட்டர் நீளம். மலைகளைக் குடைந்து இருநூறுக்கும் மேற்பட்ட சுரங்க வழிகள். மஜ்லிஸ் சபையில் டாக்டர் முசத்திக் தொடக்கத்திலேயே இத்திட்டத்தை எதிர்த்தார். பாதை கிழக்கு மேற்காகச் சென்றால் நாட்டின் வணிகத்திற்குப் பயன்படும் என்பது அவர் வாதம். வடக்கே ருஷ்யாவையும் தெற்கே ஆங்கிலேயர் ஆதிக்கம் செலுத்திய கடலையும் இணைக்கும் பாதையால் யாருக்கு ஆதாயம் என்ற கேள்வி அன்றே எழுந்தது. கேள்வி கேட்டவரின் குரல் எடுபடவில்லை.

இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939 செப்டம்பரில் ஈரான் மீண்டும் நடுநிலையை அறிவித்தது. இரண்டு ஆண்டுகள் அது செல்லுபடியும் ஆயிற்று. 1941 ஜூன் 22-இல் ஹிட்லரின் படைகள் சோவியத் யூனியனுக்குள் நுழைந்தன. நிலைமை ஒரே நாளில் மாறிற்று. நேற்றுவரை ஒருவரையொருவர் ஐயுற்ற பிரிட்டனும் ருஷ்யாவும் இன்று கூட்டாளிகள். ருஷ்யாவுக்கு ஆயுதமும் உணவும் அனுப்ப வழி வேண்டும். வடதுருவக் கடல் வழியில் பனியும் ஜெர்மானிய நீர்மூழ்கிகளும் தடை. விளாடிவாஸ்டாக் துறைமுகமோ உலகின் மறுகோடியில் இருந்தது. ஆண்டு முழுவதும் உறையாத கடலிலிருந்து ருஷ்யாவின் வாசல்வரை செல்லும் ஓர் இருப்புப் பாதை ஈரானில் இருந்தது. ஈரானியர் தேநீரில் வரி கொடுத்துக் கட்டிய பாதை அது. தெற்கே அபாதானில் ஆங்கிலேயரின் மாபெரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் இருந்தது.

‘உன் பாதை எமக்கு வேண்டும்’ என்று வெளிப்படையாகக் கேட்பது நாகரிகமாகாது என்று எண்ணினார்கள் போலும்! ஈரானில் வசித்த ஜெர்மானியர் காரணமாகக் காட்டப்பட்டனர். அவர்கள் ஆயிரக்கணக்கில் ஊடுருவியிருப்பதாகப் பிரிட்டன் கூறியது. சில நூறு பொறியாளரும் வணிகருமே உள்ளனர் என்று ஈரான் மறுமொழி தந்தது. ஜூலை 19, ஆகஸ்டு 16 ஆகிய இரு நாட்களில் எச்சரிக்கைக் குறிப்புகள் வந்தன.

இங்கே ரிஸா ஷாவின் பிழையையும் மறைக்காமல் கூறுதல் நேர்மை. இரு வல்லரசுகளின் பிடியிலிருந்து விலக அவர் மூன்றாவது வல்லரசான ஜெர்மனியை நாடினார். போருக்கு முன்னும் பின்னுமாக ஈரானின் வெளிநாட்டு வணிகத்தில் ஏறத்தாழப் பாதி ஜெர்மனியோடு நடந்தது. குறிப்புகள் வந்தபோது, காலம் கடத்தினால் காற்று திசைமாறும் என்று காத்திருந்தார். எடுத்துச் சொல்ல அவரிடம் எவருக்கும் துணிவில்லை. மஷூரா என்னும் கலந்தாலோசனையை ஆட்சியின் உயிராக வைத்தது நம் மார்க்கம். அவரது அவையிலோ மஜ்லிஸ் பெயரளவில் இருந்தது, பத்திரிகைகள் வாய்மூடி இருந்தன. 1935-இல் மஷ்ஹத் நகரின் கவ்ஹர்ஷாத் பள்ளிவாசலில் கூடிய மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்திய ஆட்சி அது. அத்தகைய ஆட்சிக்கு ஆபத்து வந்த வேளையில் அதற்காக மக்கள் எழுவார்களா?

25-8-1941 விடியற்காலை. பிரிட்டிஷ், சோவியத் தூதர்கள் பிரதமர் அலி மன்சூரை எழுப்பிக் குறிப்பைக் கையில் கொடுத்த வேளையில், படைகள் எல்லையைக் கடந்துகொண்டிருந்தன. வடக்கிலிருந்து செஞ்சேனை, தெற்கிலும் மேற்கிலும் பிரிட்டிஷ் படை. அபாதானிலும் குர்ரம்ஷஹரிலும் ஈரானியப் போர்க்கப்பல்கள் துறைமுகத்தில் நின்ற நிலையிலேயே மூழ்கடிக்கப்பட்டன. கடற்படைத் தலைவர் பாயந்தோர் அன்றே கொல்லப்பட்டார். மூன்றாம் நாள் கழிந்ததும் எதிர்ப்பை நிறுத்தும்படி ஆணை பிறந்தது.

தெற்கிலும் மேற்கிலும் வந்த அந்தப் பிரிட்டிஷ் படையில் பெரும்பங்கு, எட்டாவது, பத்தாவது இந்திய டிவிஷன்கள். அச்சிப்பாய்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். ஒரு முஸ்லிம் நாட்டின் எல்லையைத் துப்பாக்கியுடன் கடக்கும்படி நேர்ந்த அவர்களை நாம் எளிதில் குறைகூறிவிட இயலாது. அவர்களுடைய தாய்நாடும் 1939-இல், மக்கள் பிரதிநிதிகள் எவரையும் கேளாமல், வைசிராயின் ஓர் அறிவிப்பினாலேயே போருக்குள் தள்ளப்பட்ட நாடுதான். கேட்கப்படாத ஒரு நாட்டின் மைந்தர்களைக் கொண்டு, கேட்கப்படாத இன்னொரு நாடு கைப்பற்றப்பட்டது.

செப்டம்பர் 16-இல் ரிஸா ஷா முடி துறந்தார். மறுநாள் அந்நியப் படைகள் தெஹ்ரானுள் புகுந்தன. அதற்குச் சில நாட்களில் ரமலான் பிறை தோன்றிற்று. முடியிழந்த மன்னரைக் கப்பலேற்றிப் பம்பாய்த் துறைமுகம்வரை கொண்டுவந்தும் கரையிறங்க விடவில்லை. மொரீஷியஸ் தீவுக்கும், பின்னர் ஜோஹன்னஸ்பர்க் நகருக்கும் அனுப்பப்பட்ட அவர், 1944-இல் அங்கேயே காலமானார்.

29-1-1942-இல் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அந்நியப் படைகள் ஈரானில் இருப்பது ஆக்கிரமிப்பு ஆகாது என்றும், போர் முடிந்து ஆறு மாதங்களுக்குள் அவை வெளியேறும் என்றும், ஜெர்மனி முதலியோரிடமிருந்து ஈரானைத் தாங்கள் காப்பதாகவும் அதில் எழுதப்பட்டது. ஏட்டில் இவ்வாறு. ரொட்டிக் கடையிலோ வேறு கதை. இரயில் வண்டிகளும் லாரிகளும் போர்ச் சரக்குக்கே ஒதுக்கப்பட்டன. ரியாலின் மதிப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கப்பட்டது, அந்நியப் படையின் செலவுக்காக நோட்டுகள் அச்சிடப்பட்டன, விலைவாசி வானளாவியது. விளைச்சல் குறைந்தது. பதுக்கல்காரர்கள் கொழுத்தனர், இத்தகையோரை எந்நாட்டிலும் எக்காலத்திலும் காண்கிறோம். வடக்கே சோவியத் பிடியிலிருந்த விளைநிலங்களின் தானியம் தலைநகருக்கு வந்து சேரவில்லை. 1942 டிசம்பர் 8-ஆம் நாள் தெஹ்ரானில் மக்கள் ரொட்டி கேட்டு மஜ்லிஸ் முன் திரண்டனர். கடைகள் சூறையாடப்பட்டன, பிரதமர் கவாமின் வீடு தீக்கிரையாயிற்று, பிரிட்டிஷ் படை நகருக்குள் வந்தது. பட்டினியைத் தொடர்ந்து டைபஸ் காய்ச்சலும் பரவியது.

அத்துன்பத்தின் நடுவே, 1942-இல் சைபீரியச் சிறைமுகாம்களிலிருந்து விடுபட்ட போலந்து நாட்டார் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் காஸ்பியன் கரையில் வந்திறங்கினர். அவர்களில் ஆயிரக்கணக்கானோர் குழந்தைகள். அவர்களுக்கும் இஸ்ஃபஹான் முதலிய நகரங்கள் இடமளித்தன என்பது அம்மக்களின் பெருந்தன்மைக்குச் சான்று.

அந்த இருப்புப் பாதையையும் சாலைகளையும் கொண்டு நாற்பது இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட சரக்கு ருஷ்யாவுக்குச் சென்றது. ஈரானுக்கு ‘வெற்றியின் பாலம்’ என்று பெயர் சூட்டினார்கள். பாலத்தின்மேல் நடப்பவர் பாலத்திடம் அனுமதி கேட்பதில்லை! 9-9-1943-இல் ஈரான் ஜெர்மனிமீது போர் தொடுப்பதாக அறிவித்தது. போர்க் கூட்டணியில் பெயரைச் சேர்த்தாலன்றிப் பின்னர் நடைபெறும் சமாதானப் பேச்சில் ஓர் இருக்கைகூடக் கிடைக்காது என்னும் நிலை. ஆக, போரினுள் வந்து இரண்டு ஆண்டுகள் கழித்தே ஈரான் போர்ப் பிரகடனம் செய்தது.

அதே காலத்தில் அண்டை நாடாகிய துருக்கி 1945 பிப்ரவரிவரை போருக்கு வெளியே நின்றது எங்ஙனம் என்று நீங்கள் கேட்கலாம். இஸ்மத் இனோனு பிரிட்டனோடும் உடன்படிக்கை வைத்திருந்தார், 1941 ஜூனில் ஜெர்மனியோடும் செய்துகொண்டார். குரோமியத் தாதுவை இருசாராருக்கும் விற்றார். முரட்டுப் போர் புரியக்கூடிய படையும் அவரிடம் இருந்தது. திறமை பெரிதுதான். ஆனால் துருக்கியைப் பிடித்தால் ஒரு பக்கம் மற்றொரு பக்கத்தின் பகைக்கு ஆளாகும். ஈரானை இரு பக்கத்து வல்லரசுகளும் சேர்ந்தே பிடித்தன. இவ்வேறுபாட்டை மறந்து, திறமையை மட்டும் புகழ்வது சரியாகாது என்பது என் கருத்து.

போர் முடிந்தது. 1946 மார்ச் 2-க்குள் வெளியேற வேண்டும். பிரிட்டனும் அமெரிக்காவும் சென்றன. சோவியத் படை செல்லவில்லை. வடக்கே அஸர்பைஜானில் தனியாட்சி ஒன்று அதன் நிழலில் முளைத்திருந்தது. ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு மன்றம் விசாரித்த முதல் வழக்குகளுள் ஈரானின் இம்முறையீடும் ஒன்று. மே மாதத்தில்தான் அப்படை எல்லை கடந்தது.

கத்தாரின் நிலை முற்றிலும் இதுவன்று. அங்கே படை படையெடுத்து வரவில்லை, அழைப்பின்பேரில் வந்தது. பெரிய அண்டை நாடுகளுக்கிடையே ஒரு சிறு நாடு காவல் தேடியதைப் பிழை என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. எனினும் ஈரானிய ஏவுகணைகள் வந்த மூன்று மாதங்களுக்குள், 9-9-2025-இல், இஸ்ரேலிய விமானங்கள் தோஹாவிலேயே குண்டு வீசின. ஹமாஸ் தூதுக்குழுவைக் குறிவைத்த அத்தாக்குதலில் கத்தாரின் பாதுகாப்புப் படையினர் ஒருவரும் உயிரிழந்தார். அமெரிக்கத் தளம் அதே நாட்டில்தான் இருந்தது. அதன்பின், கத்தாரைத் தாக்குவது அமெரிக்காவின் பாதுகாப்புக்கே அச்சுறுத்தலாகக் கருதப்படும் என்னும் ஆணையில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். 1942-ஆம் ஆண்டு உடன்படிக்கையிலும் காப்போம் என்றே எழுதியிருந்தார்கள்.