பயந்த நாய்க்கு வீடு தேடிய நாம்

தெருவிலிருந்து மீட்ட நாய்களுக்கு வீடு தேடும் நம்மைப் போன்றவர்கள் வாட்ஸ்அப்பில் போடும் அறிவிப்புகளில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: "கொஞ்சம் பயந்த சுபாவம், பழகினால் சரியாகிவிடும்." கூடவே போடும் படத்தில் நாய் கேமராவைப் பார்த்திருக்காது. காது பின்னுக்கு மடிந்திருக்கும், முதுகு சுவரோடு ஒட்டியிருக்கும். தெரிந்தேதான் அந்த வரியை எழுதுகிறோம். உள்ளதை உள்ளபடி எழுதினால் யாரும் கூப்பிட மாட்டார்கள். நாயோ நம் வீட்டுக் குளியலறையிலோ மொட்டைமாடி ஷெட்டிலோ கிடக்கிறது. அடுத்த குட்டி எங்கோ அடிபட்டுக் கிடப்பதாகப் போன் வந்துவிட்டது, அதற்கு இடம் வேண்டும். அதனால் "கொஞ்சம்" என்று போட்டுவிடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன்.

உண்மையை எழுதுவதென்றால் இப்படி எழுத வேண்டியிருக்கும்: ஆள் எதிரில் இருந்தால் இந்த நாய் சாப்பிடாது, எல்லோரும் படுத்து விளக்கு அணைந்த பிறகுதான் தட்டுக்கு வரும். துடைப்பத்தை எடுத்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். கழுத்தில் பெல்ட் போட்டால் நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விடும். தூக்கினால் உடம்பெல்லாம் விறைத்துப்போகும். அந்த விறைப்பைப் பார்த்துத்தான் "ரொம்ப சாது, தொட்டால் ஒண்ணும் பண்ணாது" என்று வருகிறவர்களிடம் சொல்கிறோம். தப்பிக்க வழியே இல்லை என்று தெரிந்தபின் உடம்பு உறைந்துபோன நிலை அது. வெயிலே இல்லாத நேரத்தில் மூச்சிரைப்பது, தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுவது, உதட்டை நக்கி நக்கிக்கொள்வது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது என்று எத்தனையோ விதத்தில் "போதும், தள்ளிப் போ" என்று அது கெஞ்சியிருக்கும். நாம் பக்கத்தில் இன்னும் நெருங்கி உட்கார்ந்து படம் எடுத்தோம்.

இத்தனை பயம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், "யாரோ போட்டு அடிச்சிருக்காங்க" என்போம். சில நாய்களுக்கு அது உண்மை. பல நாய்களை யாரும் அடித்ததில்லை, ஆனால் உரிய வயதில் யாரும் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் இல்லை. 1961-ல் அமெரிக்காவில் ஃப்ரீட்மன், கிங், எலியட் என்ற மூன்று ஆய்வாளர்கள், வேலியடைத்த திடலில் மனிதப் பழக்கம் இல்லாமல் வளர்ந்த நாய்க்குட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குட்டிகளை வெவ்வேறு வயதில் ஒரு வாரம் மட்டும் உள்ளே கொண்டுவந்து மனிதரோடு பழகவிட்டார்கள். சரியான வயதில் வந்த குட்டிகளுக்கு அந்த ஒரு வாரமே பெரிய உதவியாக இருந்தது. 14 வாரம்வரை வெளியிலேயே இருந்தவை அதன்பின் மனிதரை ஏற்க மிகவும் சிரமப்பட்டன. பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய மூன்று மாதம்வரை திறந்திருக்கும் கதவு அது.

நம் தெருக்களில் அந்த மூன்று மாதமும் நம் கண்ணெதிரேதான் கழிகிறது. மழைக்காலத்தை ஒட்டித்தான் பெரும்பாலான தெருநாய்கள் ஈனும். காலி மனையில், டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால், போட்டுவைத்த சிமெண்டுக் குழாய்க்குள் குட்டிகள் கிடப்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஒரு பால் பாக்கெட்டை வெட்டி ஊற்றிவிட்டு வேலைக்குப் போகிறோம். தாய் நாய் உறுமும் என்பது பக்கத்தில் போகாததற்குக் காரணமாகிவிடுகிறது. தினமும் சோறு வைத்தால் அந்தத் தாயே நம்மைப் பழகிக்கொள்ளும் என்பதும் நமக்குத் தெரியும். நேரம் இல்லை என்றோம், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றோம். புரட்டாசியில் பிறந்த குட்டிகளுக்குக் காது கேட்கத் தொடங்கும் நேரம் தீபாவளி வந்துவிடுகிறது. உலகத்தைப் பற்றி அவை கேட்கிற முதல் செய்திகளில் ஒன்று பத்தாயிரம் வாலா.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தெருநாய் நிற்கிற இடத்தில் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்து பாருங்கள், அது ஓடும். நமக்கு முன்னால் குனிந்தவர்கள் கல்லை எடுத்திருக்கிறார்கள். சின்ன வயதில் அப்படிக் கல்லெறிந்தவர்கள் நம்மில் உண்டு, கூட நின்று சிரித்தவர்கள் அதைவிட அதிகம். இப்போது அதே நாயை வீட்டுக்குக் கொண்டுவந்து தட்டு நிறையச் சோறு வைக்கிறோம், அது ஏன் சுவரோரம் ஒடுங்குகிறது என்று வருத்தப்படுகிறோம். தட்டை வைக்கவும் குனியத்தானே வேண்டியிருக்கிறது.

2018-ல் 'பரியேறும் பெருமாள்' பார்த்துவிட்டு, தண்டவாளத்தில் கட்டப்பட்ட கருப்பி என்ற நாய்க்காகத் தியேட்டரில் அழுதோம். அந்தப் படத்தில் நடித்த நாய், 2024 தீபாவளி சமயத்தில் வெடிச்சத்தத்துக்கு மிரண்டு ஓடி, வண்டியில் அடிபட்டு இறந்துபோனதாகச் செய்தி வந்தது. பகிர்ந்தோம், அழுகிற முகத்தைப் போட்டோம். அடுத்த தீபாவளிக்கு நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வெடி வாங்கும்போது அது நினைவில் இல்லை.

வீடு தேடும் கதைக்கு வருகிறேன், நம் அலட்சியம் அதிகம் வெளிப்படுவது அங்கேதான். கூப்பிடுகிறவரிடம் நாம் என்ன கேட்கிறோம்? சொந்த வீடா, வாடகையா, என்ன வேலை, அசைவம் கொடுப்பீர்களா, மொட்டைமாடி இருக்கிறதா. நல்ல சம்பளம், பெரிய தோட்டம் என்றால் மனசு குளிர்ந்துவிடும். கேட் கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று கேட்டதில்லை. ஒரு நாளில் எத்தனை முறை வாசல் கதவு திறக்கும், யார் யார் வந்துபோவார்கள் என்று கேட்டதில்லை. ஐந்தாவது மாடி என்றால் நாய் தினமும் லிஃப்டில் போகவேண்டும், மூடிய பெட்டிக்குள் முகம் தெரியாதவர்களோடு நிற்க வேண்டும் என்று யோசித்ததில்லை. "பையன் ரொம்ப நாளா நாய் கேட்டுட்டே இருக்கான்" என்று சொன்ன வீட்டுக்கு, பையன் ஓடி விளையாட ஒரு துணை எதிர்பார்க்கிறான் என்று தெரிந்தும் கட்டிலடியை விட்டு வராத நாயைக் கொடுத்திருக்கிறோம். அன்பு காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர்களுக்குத் தைரியம் சொன்னோம். அந்தப் பையன் மாலை முழுக்கத் தரையில் படுத்துக் கட்டிலுக்கடியில் கையை நீட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் அன்பு நிறையவே இருந்தது. நாய்க்கு அந்தக் கையே தாங்கவில்லை.

பிறகு நடப்பதும் நமக்குத் தெரிந்ததுதான். போனதும் போகாததுமாகக் குளிப்பாட்டுவார்கள், பக்கத்து வீட்டார் பார்க்க வருவார்கள், மறுநாள் காலையில் புது பெல்ட் போட்டுத் தெருவில் நடக்கவிடுவார்கள். ஆட்டோ ஹாரன் ஒன்று போதும். பயந்த நாய் பின்னால் இழுக்கும், இழுத்தால் தலை பெல்ட்டிலிருந்து உருவிக்கொள்ளும், அப்புறம் அது கூப்பிட்டால் வராது. துரத்தினால் இன்னும் தூரம் போகும். மார்பில் மாட்டும் ஹார்னஸும் கழுத்துப் பெல்ட்டும் இரண்டும் போட்டு, இரண்டிலும் தனித்தனிக் கயிறு கட்டவேண்டும் என்று சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகாது. முதல் இரண்டு வாரம் வெளியே நடத்தவே வேண்டாம் என்றும் சொல்லியிருக்கலாம். அவர்கள் மனசு மாறிவிடுமோ என்று பயந்து நாம் சொல்லாமல் விட்டோம்.

சரியான வீடு பெரும்பாலும் நாம் இரண்டாம் பட்சமாக ஒதுக்கிய வீடாக இருக்கிறது. பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட, ஓய்வு பெற்ற தம்பதி. "எங்களுக்கு வயசாயிடுச்சு, இதோட ஓடமுடியாதே" என்று அவர்கள் தயங்குவார்கள், அந்த நாய்க்கு ஓட ஆளே தேவையில்லை. ஒரே நேரத்துக்கு எழுந்து, ஒரே நேரத்துக்குக் காபி குடித்து, அதே நாற்காலியில் பேப்பர் படிப்பவர் அதற்குப் போதும். அவர் அதைப் பார்க்கக்கூட வேண்டாம். பக்கவாட்டில் உட்கார்ந்து, வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைத் தரையில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தால் போதும். வீட்டில் ஏற்கெனவே மனிதரிடம் ஒட்டிக்கொள்ளும் சாதுவான நாய் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது, நாம் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுக்க முடியாததை அது வாலாட்டிக் காட்டிவிடும். கால்நடை மருத்துவரிடம் கேட்டால், பதற்றம் தணிக்க மருந்து தேவையா என்று பார்த்துச் சொல்வார். இத்தனையும் இருந்தும் சில நாய்கள் மடியில் வந்து படுக்காமலே வாழ்ந்து முடிக்கும். வரும் ஆளிடம் அதையும் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் "பரவால்ல, எங்க வீட்டு மூலையிலேயே இருக்கட்டும்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நாம்தான் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை.

நாய் திரும்பி வரும்போது நடந்துகொண்ட விதத்தை நினைத்தால்தான் இன்னும் வருத்தமாக இருக்கிறது. "முடியல, எடுத்துக்கறீங்களா" என்று ஒருவர் கூப்பிட்டால், குரூப்பில் பெயர் போட்டு ஏசினோம். மனசாட்சி உண்டா என்று கேட்டோம். அதைப் படித்த மற்றவர்கள் ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள்: நம்மிடம் சொல்லாமல் இருப்பதே மேல். அப்படிச் சொல்லாமல் விட்ட நாய்கள் ஏதோ ஒரு புறவழிச்சாலையில் இறக்கிவிடப்பட்டிருக்கும். பசியிலும் தாகத்திலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், முதல் முறைக்கு அபராதம் 50 ரூபாய் வரை. அந்தத் தொகையைக் குறைசொல்லிப் பேசியிருக்கிறோம். இறக்கிவிட்டுப் போன வண்டியின் நம்பரைக் குறித்துக்கொண்டு சாட்சி சொல்லப் போனவர் நம்மில் யார்? திருப்பிக் கொடுக்க வருகிறவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, எதற்கு மிரண்டது, எப்போது சாப்பிட்டது, யாரிடம் கொஞ்சமாவது போனது என்று கேட்டிருந்தால் அடுத்த வீட்டைத் தேட அதைவிட நல்ல குறிப்பு கிடைத்திருக்காது.

இப்போது எங்களில் சிலர் வேறு மாதிரி செய்து பார்க்கிறோம். நாயை எடுத்துக்கொள்ள விரும்புகிறவர் முதலில் அது தங்கியிருக்கும் வீட்டுக்குப் பல நாள் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகவேண்டும். அவர் வீட்டுப் பழைய போர்வையை நாய் படுக்கும் இடத்தில் போட்டுவைக்கிறோம். கொடுக்கும் நாளில் காலையிலேயே கொண்டுபோய் விடுகிறோம், கேட்டையும் ஜன்னலையும் நாங்களே ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு. ஒத்துவராவிட்டால் எந்த நேரமும் திருப்பித் தரலாம், ஒரு வார்த்தை சொல்லமாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இதனால் தத்துப் போகும் நாய்களின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது, இடத்துக்குத் தட்டுப்பாடு கூடியிருக்கிறது.

ஆகவே வாசிப்பவர்களிடம் ஒன்று கேட்கலாம் என்று நினைக்கிறேன். தீபாவளிக்கு முன்னால் இரண்டு வாரமும் பின்னால் இரண்டு வாரமும் பயந்த நாயை யாருக்கும் புதிதாகக் கொடுப்பதில்லை என்று முடிவுசெய்திருக்கிறோம். அந்த ஒரு மாதம் தங்கவைக்க வீடுகள் வேண்டும். தெருவைப் பார்க்காத ஓர் அறை, அதன் கதவுக்கு நல்ல தாழ்ப்பாள், மின்விசிறிச் சத்தத்தைவிடப் பெரிய சத்தம் போடாத ஆட்கள் இருந்தால் போதும். சாப்பாட்டுச் செலவையும் மருத்துவச் செலவையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.