மடிச்சு வை மச்சி!

நம்ம கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயில் கிடையாது. ஸோ, ஓசூர் சிப்காட்ல இன்பிளான்ட் ட்ரெயினிங்னா பஸ்தான் கதி. அதுவும் பஸ் ஸ்டாண்டோட சரி. அங்கிருந்து கம்பெனி கேட் வரைக்கும் ஷேர் ஆட்டோவுக்கு அழுதே பாக்கெட் மணி காலி! அதான் போன லீவுல செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஃபோல்டிங் சைக்கிள் வாங்கினேன்.

முதல் நாளே கண்டக்டர் மடக்கினார். "தம்பி, இது சைக்கிளா, சூட்கேஸா?"

"மடிச்சா சூட்கேஸ், விரிச்சா சைக்கிள்ணே!" லக்கேஜ் டிக்கெட்டைக் கிழிச்சுக் கையில கொடுத்துட்டார்.

மூணாவது நாள் லேட். இறங்கின வேகத்துல விரிச்சு ஏறிட்டேன். ஹேண்டில்பார் கம்பியோட லாக் முழுசா விழலை. முதல் ஸ்பீடு பிரேக்கர்லயே ஹேண்டில் மடிஞ்சு, நான் ரோட்டுல. முட்டியில அஞ்சு தையல். பின்னாடி வந்த லாரிக்கார அண்ணன் பிரேக் போட்டதாலதான் இந்தப் பக்கத்தை நீங்க இப்ப படிக்கிறீங்க!

அதனால பாஸ், மடிக்கிறதைவிட விரிக்கிறதுதான் மேட்டர். மடிக்கும்போது பெடலை மடக்குங்க, நடு ஃப்ரேம் லாக்கைத் திறந்து ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணா சேருங்க, ஹேண்டிலைச் சாய்ங்க, கடைசியா சீட்டை இறக்குங்க. மாடலுக்கு மாடல் வரிசை கொஞ்சம் மாறும். விரிச்சதும் ஃப்ரேம் லாக், ஹேண்டில் லாக், சீட் லாக் மூணையும் கையால அழுத்திப் பாருங்க. முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு ஹேண்டிலை முன்னும் பின்னும் ஆட்டுங்க. லொடலொடன்னா ஏறாதீங்க. சீட் கம்பியில ஒரு கோடு இருக்கும். அது வெளியே தெரியுற அளவுக்குச் சீட்டை ஏத்தக் கூடாது.

அடுத்தது காத்து. சின்ன சக்கரம் பள்ளத்துல ஆழமா இறங்கும். காத்து கம்மியா இருந்தா ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல ட்யூப் நசுங்கி, பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை விழும். கட்டை விரலால அமுக்கிப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. எத்தனை பிஎஸ்ஐன்னு டயர் ஓரத்துலயே போட்டிருக்கும். என் 20 இன்ச் டயர்ல 40-லிருந்து 65. பெரும்பாலும் டூ வீலர்ல இருக்கிற அதே வால்வுதான், நம்ம பழைய சைக்கிளோட வால்ட்யூப் சமாசாரம் இல்லை. அதுக்காக பங்க்ல நேரா ஏர் ஹோஸை மாட்டிடாதீங்க. ட்யூப் சின்னது, கண் சிமிட்டுறதுக்குள்ள ஓவராகி வெடிக்கலாம். கேஜ் வெச்ச கால் பம்ப்தான் பெஸ்ட். வாரம் ஒரு தடவை செக் பண்ணுங்க.

பெங்களூரு பக்கம் போற மக்களே, 2025 ஆகஸ்ட்ல மஞ்சள் லைன் பொம்மசந்திரா வரைக்கும் வந்தாச்சு. அத்திப்பள்ளி தாண்டிப் போனா மெட்ரோ! நம்ம மெட்ரோவுல 2022-லயே ஃபோல்டிங் சைக்கிளுக்கு ஓகே சொல்லிட்டாங்க. ஆனா அப்ப சொன்ன அளவு 60x45x25 செ.மீ., எடை 15 கிலோ. லண்டன் பிராம்ப்டன் சைக்கிளே மடிச்சா 27 செ.மீ. தடிமன்! 20 இன்ச் சைக்கிள் இன்னும் பெருசு. ஸோ, கடைக்குப் போகும்போது பர்ஸோட இன்ச் டேப்பும் எடுத்துட்டுப் போங்க.

ட்ரெயினிங் முடிஞ்சுது, தையலும் பிரிச்சாச்சு. இப்பல்லாம் லேட்டானாலும் மூணு லாக்கையும் தொட்டுப் பார்த்துட்டுதான் ஏறுறேன். நீங்களும்தானே? அடுத்த வாரம் மீட் பண்ணலாம்!