பின்னி மில் கதை ஒரகடத்துக்கும் சொந்தம்: எங்கள் நிலைப்பாடு

1996-ல் மூடிய மில்லின் கதை எங்களுக்கு எதற்கு என்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஷிப்டு பஸ் ஏறும் பிள்ளைகள் எங்களிடம் கேட்கிறார்கள். அவர்களுக்கான பதில் இது.

பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில்லைச் சென்னைக்காரர்கள் பின்னி மில் என்பார்கள். அங்கே பகல் இடைவேளை அரை மணி நேரம். வெளியே ஓடிவந்து, கை கழுவி, நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு திரும்பி ஓட வேண்டும். தாமதித்தால் வாசல் கதவு சாத்தியிருக்கும். வியாபாரி செல்வபதி செட்டியாரிடம் தொழிலாளர்கள் இந்தக் குறைகளைத்தான் முறையிட்டார்கள். 1918 ஏப்ரல் 27-ல் பி. பி. வாடியா தலைமையில், திரு.வி.க. துணைநிற்க, சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. சோற்றுக்கு நேரம் கேட்டுத்தான் அந்தச் சங்கம் எழுந்தது.

நிர்வாகம் உயர் நீதிமன்றம் போய் வாடியாவுக்குத் தடை வாங்கியது. சங்கம் நடத்தினாலே வழக்கு என்ற நிலையை மாற்றத் தொழிற்சங்கத் தலைவர் என். எம். ஜோஷி பாடுபட்டார், 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. 2024-ல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, சங்கத்தைப் பதிவு செய்யக் கேட்டது அதே சட்டத்தின்படிதான். 2025 ஜனவரியில் பதிவும் கிடைத்தது.

பெருமையை மட்டும் எழுதுவதை நாங்கள் ஏற்கமாட்டோம். பின்னி மில்லின் 1921 வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. தொழிலாளர்கள் சாதியாகப் பிரிந்தார்கள். புளியந்தோப்பில் ஏழைகளின் குடிசைகள் எரிந்தன. அந்தப் பிளவை மறைத்து எழுதினால் அது வரலாறு ஆகாது.

மில் நிலத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. அங்கே தொழிலாளர் வரலாற்றைச் சொல்லும் நினைவுக்கூடம் ஒன்றை அரசு அமைக்க வேண்டும். ஒரகடம் பகுதியிலோ, ஆட்கள் கண்முன் இருக்கும்போதே ஆவணப்படுத்தும் வேலை தொடங்க வேண்டும். நிலம் கொடுத்த விவசாயி, ஹாஸ்டல் அறையில் முறைவைத்துத் தூங்கும் பெண், ஒப்பந்தத் தொழிலாளி, வடநாட்டிலிருந்து வந்தவர் என எல்லாருடைய வாய்மொழியும் அதில் இடம்பெற வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-ல் ஓடத் தொடங்கி 2014 நவம்பரில் நின்றது. அங்கே வேலை பார்த்தவர்களே, உங்கள் அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, தோழிகளோடு எடுத்த படம் எதுவும் பழைய பேப்பர்காரருக்குப் போக வேண்டாம். எடுத்து வையுங்கள், நாங்கள் வந்து படியெடுத்துக்கொள்கிறோம்.