பாரைப் பார்ப்போம்: ஹகீம் புக்ராத் பிறந்த கோஸ் தீவு



யூனானி மருந்தை அறியாத இல்லம் நம்மிடையே அரிது. 'யூனான்' என்பது கிரேக்க நாட்டிற்கு அரபு மொழியில் வழங்கும் பெயர். அம்மருத்துவ மரபின் மூலவராகப் போற்றப்படும் ஹகீம் புக்ராத், அதாவது ஹிப்போகிரட்டஸ், கி.மு. 460ஆம் ஆண்டளவில் பிறந்த இடமே இத்திங்கள் நாம் காணப் புகும் கோஸ் தீவு. ஏஜியன் கடலிலுள்ள இத்தீவுக்கும் துருக்கிக் கரைக்கும் இடையே மிகக் குறுகிய இடத்தில் 4 கிலோ மீட்டர் அளவே கடல் உள்ளது. துருக்கியின் போத்ரும் துறைமுகத்தில் கப்பலேறினால் ஒரு மணி நேரத்திற்குள் கோஸ் நகரில் இறங்கலாம். ஆயினும், கிரேக்கத்திற்குச் செல்லும் ஷெங்கன் விசா கையில் இருத்தல் வேண்டும்.

நகரின் பள்ளிவாசல்கள்

துறைமுகத்தருகே முதிர்ந்த மரமொன்று முட்டுக்கட்டைகளின் துணையால் நிற்கின்றது. புக்ராத் அம்மரத்தடியில் அமர்ந்து பாடம் நடத்தினார் என்பர். இன்றுள்ள மரத்தின் வயதோ சுமார் 500 ஆண்டுகளே. அதன் அருகிலேயே உதுமானியக் கடற்படைத் தளபதி காஜி ஹஸன் பாஷா 1786இல் எழுப்பிய பள்ளிவாசல் உள்ளது. நகரச் சதுக்கத்தில் தஃப்தர்தார் பள்ளிவாசல். 2017 ஜூலை 21ஆம் நாள் நள்ளிரவிற்குப் பின் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் இருவர் உயிரிழந்தனர். தஃப்தர்தார் பள்ளியின் மினாராவும் சரிந்து வீழ்ந்தது.

பாங்கோசை ஓயாத சிற்றூர்

நகரிலிருந்து ஏறத்தாழ 2 கிலோ மீட்டர் தொலைவிலுள்ள பிளதானியைக் காணாது திரும்பாதீர்கள். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் கலந்து வாழும் ஊர் இது. தொழுகை நடைபெறும் பள்ளிவாசலும், ஊரை அடுத்துப் பழைய கபரஸ்தானும் உண்டு. ஊர் நடுவிலுள்ள உணவகங்களில் துருக்கிச் சுவையுடன் கூடிய உணவு கிடைக்கும். இறைச்சி ஹலால்தானா என வினவிய பின் உண்பது நலம்.

இவ்வூர் மக்கள் இங்கே நிலைத்த வரலாறு வியப்பிற்குரியது. 1923ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி கிரேக்கத்திலிருந்து சுமார் 4 இலட்சம் முஸ்லிம்கள் துருக்கிக்கும், துருக்கியிலிருந்து சுமார் 12 இலட்சம் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்திற்கும் மாற்றப்பட்டனர். மார்க்கம் ஒன்றே அளவுகோல். பிறந்த மண்ணோ, பேசும் மொழியோ கேட்கப்படவில்லை. கோஸ் தீவு 1912 முதல் இத்தாலியின் பிடியில் இருந்தமையால், இங்குள்ள முஸ்லிம்கள் அந்தப் பெயர்ச்சியிலிருந்து தப்பினர். 1947இல் தீவு கிரேக்கத்துடன் இணைந்தபோதும் தம் வீடுவாசலுடன் இருந்தனர். அரசர்கள் வரைந்த கோடுகளுக்கு அப்பால், அல்லாஹ் நாடியவாறே நடந்தது.

பிளதானியைக் கடந்தால், பண்டைய மருத்துவ நிலையமாகிய அஸ்கிளிப்பியானின் இடிபாடுகளைக் காணலாம். 1902இல் கண்டறியப்பட்ட இவ்விடம் மூன்று படிநிலைகளாக மலைச்சரிவில் அமைந்துள்ளது. மேல்தளத்தில் நின்றால் கடலுக்கப்பால் துருக்கி மலைகள் தென்படும். திகேயோஸ் மலைமீதுள்ள ஸியா கிராமம், மஃரிப் வேளையில் கதிரவன் கடலில் மறையும் காட்சிக்குப் பெயர் பெற்றது.

கடற்கரைகள்

குழந்தைகளுடன் செல்வோர்க்கு ஏற்றது திகாக்கி. மணல் மென்மையானது, நீரின் ஆழமும் குறைவு. முன்னர் உப்பு விளைந்த ஏரியொன்று அருகே உள்ளது. குளிர்காலத்தில் அங்கே பூநாரைகள் வந்திறங்கும். எம்ப்ரோஸ் தெர்மாவில், பாறையிடையே ஊறும் கந்தக வெந்நீர் கடலோடு கலப்பதைக் காணலாம். தென்மேற்கே கெஃபலோஸ் விரிகுடாவில், கரையோரம் பழைய தேவாலயத்தின் தூண்களும், எதிரே கஸ்திரி என்னும் குட்டித்தீவும் அழகூட்டுகின்றன. கோடையில் இக்கரைகளில் உடைக் கட்டுப்பாடு இராது. ஆகவே, நம் குடும்பத்தார் ஃபஜ்ரு தொழுகைக்குப் பின், கூட்டம் சேருமுன் சென்று வருவது சிறப்பு.

அதே கடல்

இவ்வளவும் கண்டு மகிழும் வேளையில், ஒன்றை மறத்தலாகாது. 2015ஆம் ஆண்டு, போரினால் வீடிழந்த சிரியா நாட்டவரும் பிறரும் ஆயிரக்கணக்கில் இந்தக் குறுகிய கடலை இரவில் ரப்பர் படகுகளில் கடந்தனர். நாம் பயணச்சீட்டு வாங்கிக் கடக்கும் அதே தூரம்தான். அவர்கட்கு விசா இல்லை. செப்டம்பர் 2ஆம் நாள் கோஸை நோக்கிப் புறப்பட்ட படகு கவிழ்ந்தது. சிரியப் பாலகன் ஒருவனின் உடல் போத்ரும் அருகே கரையொதுங்கிய படம் உலகையே உலுக்கியது. அவனுடைய தாயும் தமையனும் அன்றே மௌத்தாயினர்.

பயணம் செய்து படிப்பினை பெறுமாறு நம் வேதம் அழைக்கின்றது. திகாக்கியின் ஆழமற்ற நீரில் உங்கள் குழந்தை விளையாடும்போது, அக்கரையை ஒருகணம் நோக்குங்கள். பிளதானி கபரஸ்தானைக் கடக்கையில் ஸலாம் உரைத்து, கடலில் மாண்டோர்க்காகவும் துஆச் செய்யுங்கள். ஊர் திரும்பியபின், நம் தெருவில் புகலிடம் தேடி நிற்கும் குடும்பம் எதுவாயினும், அதன் முகத்தில் அக்கடலைக் காணும் பார்வை நமக்கு வாய்க்குமாயின், அதுவே இப்பயணத்தின் பலன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த திங்கள் மற்றுமோர் ஊரில் சந்திப்போம்.