மீட்டால் மட்டும் போதுமா?

இன்றைய தெற்கு நைஜீரியாவில் உள்ள பெனின் நகரத்துக்குள் 1897 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை புகுந்தது. அரண்மனை சூறையாடப்பட்டது, நகரம் தீக்கிரையானது. மன்னர் ஓபா ஓவொன்ராம்வென் கலபாருக்கு நாடு கடத்தப்பட்டு, 1914இல் அங்கேயே இறந்தார். பித்தளை, வெண்கல வார்ப்புகள், தந்தச் சிற்பங்கள் என ஆயிரக்கணக்கான கலைப்பொருட்கள் அள்ளிச் செல்லப்பட்டன. அவற்றில் 900க்கும் மேற்பட்டவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் மட்டும் இருக்கின்றன.

அவற்றைத் திருப்பிக் கேட்கும் குரல் புதிதல்ல. 1977இல் லாகோஸில் நடந்த ஆப்பிரிக்கக் கலைவிழாவின் சின்னம் பெனினிலிருந்து பறிபோன, ராஜமாதா இடியாவின் தந்த முகமூடி. அதை விழாவுக்கு இரவலாகத் தரவும் லண்டன் மறுத்தது. நகலை வைத்தே விழா நடந்தது. அடுத்த ஆண்டே யுனெஸ்கோ தலைமை இயக்குநரான செனகல் நாட்டவர் அமடூ மஹ்தார் எம்போ, பறிபோன பண்பாட்டுச் செல்வங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு உலகுக்கு வேண்டுகோள் விடுத்தார்.

காலம் கடந்தாவது காற்று திசை மாறியிருக்கிறது. அபோமே அரண்மனையில் கொள்ளையடித்த 26 பொருட்களை பிரான்ஸ் 2021இல் நைஜீரியாவின் அண்டை நாடான பெனின் குடியரசுக்குத் திருப்பித் தந்தது. 2022இல் ஜெர்மனி தன்னிடமிருந்த பெனின் நகரச் சிற்பங்களின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றத் தொடங்கியது. நெதர்லாந்து 2025இல் 119 பொருட்களை ஒப்படைத்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகமோ, தன் பொருட்களைக் கைமாற்றத் தடுக்கும் 1963ஆம் ஆண்டுச் சட்டம் கையைக் கட்டுகிறது என்கிறது. 2024இல் கானாவின் அசாந்தே மக்களுக்கு அவர்களுடைய அரச அணிகலன்களே லண்டனிலிருந்து இரவலாகத்தான் போயின. பறிகொடுத்தவர்களுக்கே இரவல் கொடுப்பது நீதி ஆகாது.

ஆனால், பொருள் ஊர் திரும்பியதும் பிரச்சினை தீர்ந்துவிடுவதில்லை. 2023இல் நைஜீரிய அரசு, பெனின் கலைப்பொருட்களின் உரிமையாளர் பெனினின் இன்றைய மன்னரான ஓபாவே என்று அறிவித்தது. அவை தேசத்தின் சொத்தா, அரண்மனையின் சொத்தா என்று விவாதம் மூண்டது. 2025 நவம்பரில் பெனின் நகரின் புதிய அருங்காட்சியகத்துக்குள் போராட்டக்காரர்கள் புகுந்ததால் அதன் திறப்பு தள்ளிப்போனது. இன்னொரு குரல் அமெரிக்காவிலிருந்து ஒலிக்கிறது. அடிமை வணிகத்தில் விலையாகக் கொடுக்கப்பட்ட பித்தளை வளையங்களை உருக்கியே பல சிற்பங்கள் வார்க்கப்பட்டன. 'விற்கப்பட்ட எங்கள் முன்னோருக்கும் இதில் பங்குண்டு' என்கிறார்கள் அடிமைகளின் வழித்தோன்றல்கள். எளிதில் தட்டிக்கழிக்க முடியாத வாதம் அது.

இதைக் காட்டி, 'முதலில் நீங்கள் ஒற்றுமையாகுங்கள், பிறகு தருகிறோம்' என்று ஐரோப்பா சொல்வதற்கு நியாயமில்லை. பங்காளிகளுக்குள் வழக்கு இருக்கிறது என்பதற்காகத் திருட்டுச் சொத்து திருடியவருக்குச் சொந்தமாகிவிடாது. அதேவேளை, வழக்கை முடித்துக்கொள்ளும் கடமை பங்காளிகளுக்கும் உண்டு.

எனவே பொறுப்பைப் பகிர்ந்துகொள்வோம். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1963ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தட்டும். ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் ஒவ்வொரு பொருளும் தங்களிடம் வந்த வழியைக் காட்சிப் பலகையிலேயே ஒளிக்காமல் எழுதட்டும். நைஜீரிய அரசும் அரண்மனையும் ஒரே மேசையில் அமர்ந்து, உரிமை யாருடையதானாலும் பொதுமக்கள் பார்வைக்குக் கதவு திறந்திருக்கும் என்று உறுதி தரட்டும். அடிமைகளின் வழித்தோன்றல்களுக்கும் அந்த மேசையில் இடம் வேண்டும். அருங்காட்சியகத்துக்குப் போகும் நமக்கும் ஒரு கடமை உண்டு: அழகை ரசித்த கையோடு, 'இது எப்படி இங்கே வந்தது?' என்று கேட்டுவிட்டு வருவோம்.