தேரோட்டிக்கும் ஓய்வு வேண்டும்
தருமபுரித் தலங்களுக்கு ஒரு கோடைப் பயணம்

பாரதப் போரின் பதினான்காம் நாள். சூரியன் மறைவதற்குள் ஜயத்ரதனை வீழ்த்துவேன், இல்லையேல் தீப்புகுவேன் என்பது அர்ச்சுனனின் சபதம். ஒவ்வொரு நாழிகையும் உயிருக்கு நிகரான அந்த நாளில், போர்க்களத்தின் நடுவே தேர் நின்றது. குதிரைகள் களைத்துவிட்டன, அவற்றுக்கு நீர் வேண்டும் என்றான் கண்ணன். அர்ச்சுனன் தரையில் இறங்கி நின்று பகைவரைத் தடுத்தபடியே, அம்பினால் நிலத்தைப் பிளந்து ஒரு நீர்நிலையை உண்டாக்கினான். கண்ணன் குதிரைகளை அவிழ்த்து, உடலில் தைத்திருந்த அம்புகளைப் பிடுங்கி, நீர் காட்டி, இளைப்பாற்றி, மீண்டும் பூட்டினான். அதன் பிறகே தேர் நகர்ந்தது.

பார்த்தசாரதியை வணங்கும் குடும்பங்கள் நெடுஞ்சாலையில் நினைவிற்கொள்ள வேண்டிய நிகழ்ச்சி இது. பகவானே சாரதியாக அமர்ந்த தேரும் ஓய்வுக்காக நின்றது. நள்ளிரவில் புறப்பட்டு, நான்கு தலங்களைத் தரிசித்து, மறுநாள் நள்ளிரவில் வீடு திரும்பும் கார்கள் மட்டும் நிற்பதில்லை.

கோடை விடுமுறையில் தருமபுரி மாவட்டத் தலங்களை நாடிச் செல்வோர் பலர். ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44 ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இம்மாவட்டத்தின் ஊடே செல்கிறது. இந்தியாவின் மிக நீண்ட நெடுஞ்சாலை இதுவே. சாலை அகலமானது, வெயில் கடுமையானது. இரண்டையும் அறிந்து பயணத்தை வகுத்துக்கொள்வது நலம்.

அதியமான்கோட்டையும் தருமபுரியும்

சேலத்திலிருந்து தொப்பூர்க் கணவாய் ஏறி வருவோர் முதலில் காண்பது அதியமான்கோட்டை. இங்குள்ள தட்சிண காசி காலபைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமியன்று சாம்பல் பூசணியில் விளக்கேற்றி வழிபடுவோர் கூட்டம் பெரிது. பைரவர் க்ஷேத்திரபாலகர், எல்லை காப்பவர். பயணத்தின் தொடக்கத்தில் அவரை வணங்குவது பொருத்தமே. அஷ்டமி நாளில் நெடுஞ்சாலை ஓரத்தில் காரை நிறுத்திவிட்டுக் குழந்தைகளுடன் சாலையைக் குறுக்கே கடப்பது மட்டும் கூடாது. கோயில் பக்கம் திரும்பும் வழியில் உள்ளே சென்று நிறுத்துவதே முறை.

சங்க காலத்தில் தகடூர் எனப் பெயர் பெற்றிருந்த தருமபுரி, அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகரம். ஔவைக்கு அரிய நெல்லிக்கனியை ஈந்தவன் அவனே. நகரின் கோட்டைப் பகுதியில் கல்யாண காமாட்சி அம்மனும் மல்லிகார்ஜுனரும் எழுந்தருளியுள்ளனர். தரையில் படியாது நிற்கும் தூணும், அம்மன் சன்னதியின் அடித்தளத்தில் அமைந்த இராமாயணச் சிற்பங்களும் நின்று நிதானமாகக் காண வேண்டியவை.

தீர்த்தமலையில் காலை

அரூரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் உள்ளது தீர்த்தமலை. இராவண வதத்துக்குப் பின் திரும்பி வந்த இராமபிரான் இங்கே சிவபூசை செய்ய விரும்பினார். காசியிலிருந்து கங்கை நீர் கொண்டுவரச் சென்ற அனுமன் வரத் தாமதமாகவே, பாறையில் அம்பெய்து நீரை வரவழைத்தார் என்பது தலவரலாறு. பின்னர் வந்த அனுமன் வீசியெறிந்த கங்கை நீர் விழுந்த இடம் தென்பெண்ணைக் கரையிலுள்ள அனுமன்தீர்த்தம் என்பர். இராமர், குமாரர், கௌரி, அகத்தியர், அக்னி ஆகிய பெயர்களால் வழங்கும் ஐந்து தீர்த்தங்கள் இம்மலைக்குச் சிறப்பு. அருணகிரிநாதர் திருப்புகழில் பாடிய தலமும் இது.

மலைப்பாறை காலை பத்து மணிக்கே சுடத் தொடங்கிவிடும். விடியற்காலையில் ஏறி, வெயில் ஏறுமுன் இறங்குவதே உகந்தது. முதியோரும் இதய நோயுள்ளோரும் அடிவாரத்தில் வணங்கித் திரும்பினால் குறையொன்றும் இல்லை. தண்ணீருடன் நீர்மோரோ பானகமோ எடுத்துச் செல்லலாம். இராமநவமிக்குப் பானகமும் நீர்மோரும் நிவேதனமாக அமைந்தது, பங்குனி, சித்திரை வெயிலை அறிந்த முன்னோரின் வழக்கம்.

உச்சிக்கால ஓய்வு

உச்சிக்கால பூசை முடிந்ததும் பெரும்பாலான கோயில்களில் நடை சாத்தப்பட்டு, மாலையில் மீண்டும் திறக்கப்படுகிறது. தெய்வத்துக்கும் ஓய்வு தரும் ஆகம முறை நம்முடையது. அந்த நேரத்தையே வண்டி ஓட்டுபவரின் உறக்கத்துக்கு ஒதுக்கிவிட்டால் பயணத்தின் பாதி ஆபத்து நீங்கும். நடை சாத்தியிருக்கும் அந்த இடைவேளையில்தான் பலர் அடுத்த ஊருக்கு விரைகின்றனர். வெயில் உச்சத்தில் இருப்பதும், உண்ட களைப்பில் கண் சொக்குவதும் அதே வேளையில்தான்.

உபவாசத்துக்கும் இது பொருந்தும். வேண்டுதலின்படி குடும்பத்தார் விரதம் இருக்கலாம். வண்டி ஓட்டுபவர் இருத்தல் ஆகாது. பலருடைய உயிர் அவர் கண்ணிலும் கையிலும் இருக்கிறது. அவர் உண்பதும் உறங்குவதும் அந்தக் குடும்பத்தின் முதல் விரதமாகட்டும். வாடகை வண்டியின் ஓட்டுநரை வாசலிலேயே காத்திருக்க வைக்காமல், தரிசனத்துக்கும் உணவுக்கும் உடன் அழைப்பதும் அறமே.

ஒகேனக்கல்லில் நீரின் குணம்

பென்னாகரம் வழியாக மலைப்பாதையில் இறங்கினால் ஒகேனக்கல். காவிரி பாறைகளில் மோதிப் புகையென எழுவதால் கன்னடச் சொல்லால் புகைக்கல் எனப் பெயர் பெற்றது. இங்கு தேசநாதேஸ்வரரைத் தரிசித்து, ஆற்றில் நீராடுவதும் பரிசலில் செல்வதும் வழக்கம். தருமபுரியில் ஒரு துளி மழையின்றி வெயில் எரிக்கும் நாளிலும், கர்நாடகத்தில் மழை பெய்தாலோ, கிருஷ்ணராஜசாகரம், கபினி அணைகள் திறக்கப்பட்டாலோ இங்கே நீர் திடீரென உயரும். வானத்தைப் பார்த்து ஆற்றை அறிய இயலாது. நீராடவும் பரிசல் செல்லவும் தடை அறிவிக்கப்பட்டால் அதை மதிப்பதே காவிரித் தாய்க்குச் செய்யும் மரியாதை. பரிசலில் உயிர்காப்புக் கவசம் அணியாமல் அமரவே கூடாது.

திரும்பும் வழியில் தொப்பூர்

வரும்போது ஏற்றமாக இருந்த தொப்பூர்க் கணவாய், சேலம் திரும்பும்போது நீண்ட இறக்கமாகிறது. உடலும் மனமும் களைத்த அந்தி வேளையில்தான் பல குடும்பங்கள் இதைக் கடக்கின்றன. 2020 டிசம்பர் 12 அன்று கட்டுப்பாடு இழந்த லாரியொன்று, நெரிசலில் நின்றிருந்த வாகனங்கள் மீது மோதியதில் பத்துக்கும் மேற்பட்ட கார்கள் நொறுங்கின; உயிர்கள் போயின. 2024 ஜனவரி 24 அன்று லாரிகளுக்கு இடையே சிக்கிய கார் தீப்பற்றியது, நால்வர் மாண்டனர்.

காரணம் எளிது. இறக்கம் முழுவதும் பிரேக்கையே மிதித்து வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கிறது. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறக்கினால் வேகத்தைத் தாங்க எஞ்சின் உதவாது. எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது பழைய ஓட்டுநர்களின் பாடம். காரில் செல்வோர் குறைந்த கியரில், இரு லாரிகளுக்கு நடுவே அகப்படாமல், இடைவெளி விட்டு இறங்க வேண்டும். கணவாய்க்குள் படம் எடுக்கவோ தேநீர் அருந்தவோ நிறுத்தலாகாது. இருட்டிவிட்டால் தருமபுரியிலேயே தங்கி, காலையில் இறங்குவது நன்று.

புறப்படும் முன்

* டயர்களின் காற்றைக் காலையில், வண்டி ஓடுமுன் பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் காற்றைக் குறைப்பது தவறு. தேய்ந்த டயர் கோடைச் சாலையில் வெடிக்கும்.
* கற்பூரம், தீப்பெட்டி, லைட்டர் ஆகியவற்றை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் செல்லலாகாது.
* பூட்டிய காரில் குழந்தையையோ முதியவரையோ ஐந்து நிமிடமும் விடுதல் கூடாது.
* முன்கண்ணாடியை மறைக்கும் மாலைகளையும் பொம்மைகளையும் நீக்கிவிட வேண்டும். சாமி படம் சிறியதாக, ஓரமாக இருந்தால் போதும்.
* பின்னிருக்கையில் இருப்போரும் பெல்ட் அணிய வேண்டும். சட்டமும் அதையே சொல்கிறது.
* அவசரத்துக்கு 108. நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து, திருஷ்டி கழித்து, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துப் புறப்படுவது நம் மரபு. அந்தப் பூசை, ஓட்டுபவர் நன்றாக உறங்கினாரா என்று கேட்பதில் நிறைவுபெறட்டும். ஒரு நாளில் நான்கு தலங்கள் இயலாவிட்டால் இரண்டு போதும். மற்ற இரண்டும் அடுத்த கோடையிலும் அங்கேயே இருக்கும். அவற்றைத் தரிசிக்கக் குடும்பமும் இருக்க வேண்டும்.